சூப்பர்நேச்சுரல் விவாதத்துக்கு புதுசா வாரவங்களுக்கு: யாருக்கு எடம் கிடைச்சுது, யாருக்கு கிடைக்கல

சூப்பர்நேச்சுரல்ங்கறது டீன், சாம்னு ரெண்டு அண்ணன் தம்பி பேய் பிசாச வேட்டையாடுத அமெரிக்க சீரியல். அத பாத்து முடிச்சுட்டு பேச ஆளில்லாம இருக்கவங்க நம்ம திருநெல்வேலி பக்கம் நிறைய பேரு உண்டு. பாளை வ.உ.சி. மைதானத்து படிக்கட்டுல சாயங்காலம் நாலஞ்சு பேரு ஒக்காந்து இத பேசிட்டு இருப்பாங்க, புதுசா ஒரு தம்பியோ தங்கச்சியோ போய் பக்கத்துல ஒக்காந்தா முத கால் மணி நேரம் ஒண்ணுமே பிடிபடாது, ஏன்னா அவங்க வந்த கதைய பேச மாட்டாங்க, வராம போன கதையத்தான் பேசுவாங்க. ஜோடி மில்ஸ வச்சு ஒரு சீரியல் வந்திருந்தா எப்படி இருந்திருக்கும், ஆடம் கடைசில என்ன ஆனான், சாம் கட்டுனது யார, காஸ்டியல் வெளிய வந்தத ஏன் காட்டல, இப்படியே போவும். அந்த பேச்சுல நீங்களும் தைரியமா கலந்துக்கிட என்ன தெரிஞ்சிருக்கணும், எந்த வரிசைல தெரிஞ்சிக்கிடணும்னு இங்க எழுதுதேன். கடைசி எபிசோட் வரைக்கும் எல்லாத்தையும் சொல்லிருவேன், அதனால கதை முன்னாடியே தெரிய வேண்டாம்னு நினைக்கவங்க பாத்து முடிச்சுட்டு வாங்க.

எவ்வளவு பாத்தா பேசலாம்

மொத்தம் 15 சீசன், 327 எபிசோட். 2005 செப்டம்பர் 13ல ஆரம்பிச்சு 2020 நவம்பர் 19ல முடிஞ்சுது. ஒண்ணு 42 நிமிஷம்னு வச்சா கிட்டத்தட்ட 230 மணி நேரம் ஆவும், அத கேட்டு மலைச்சு போயிராதீங்க. இத உருவாக்குன எரிக் கிரிப்கி நேரா நின்னு நடத்துனது முத 5 சீசன், அது 104 எபிசோட், மூணாவது சீசன் ரைட்டர்ஸ் ஸ்ட்ரைக்கால 16லயே நின்னுட்டு. அஞ்சாவது சீசன் கடைசி எபிசோட் ஒரு முழு கதை முடிஞ்ச மாதிரியே இருக்கும். அத பாத்துட்டாலே பாதி விவாதத்துக்கு நீங்க தயார். அதுக்கு அப்புறம் செரா கேம்பிள், ஜெரமி கார்வர், ஆண்ட்ரூ டாப்னு கை மாறிட்டே போச்சு, கை மாறுத ஒவ்வொரு தடவையும் கேரக்டர நடத்துத விதமும் மாறிச்சு. இத மனசுல வச்சுக்கிட்டாத்தான் "அஞ்சோட நிறுத்தியிருக்கணும்"னு ஒருத்தர் சொல்லும்போது அவரு எத மனசுல வச்சு சொல்லுதாருன்னு புரியும். எனக்கு அதுல சம்மதம் இல்ல, ஏன்னா ஜோடி, சார்லி, கெவின், டோனா, ஐலீன், ரொவீனா, ஜாக்னு நாம உசுர குடுத்து பேசுத ஆளுகள்ல ஜோடி அஞ்சாவது சீசன்லதான் வந்தா, மத்தவங்க எல்லாரும் அதுக்கு அப்புறம் வந்தவங்கதான்.

யாரு செத்தா எங்க போவாங்க

இத தெரியாம கேரக்டர் கெதிய பத்தி வாய தொறக்காதீங்க, முத கேள்விலயே மடக்கிருவாங்க. மனுஷன் செத்தா ரீப்பர் வந்து கூட்டிட்டு போவாங்க, சொர்க்கம் இல்லன்னா நரகம். வர மாட்டேன்னு நின்னுட்டா ஆவி. ஆவிய போக்க எலும்புக்கு உப்பு போட்டு எரிக்கணும், எலும்பு இல்லன்னா அது புடிச்சிட்டு இருக்க பொருள எரிக்கணும். நரகத்துல ரொம்ப காலம் கெடந்து சித்திரவதை பட்ட ஆத்மாதான் டீமனா மாறும். வாம்பயர், வேர்வுல்ஃப் மாதிரி மான்ஸ்டர் செத்தா பர்கட்டரிங்கிற தனி உலகத்துக்கு போவும். ஏஞ்சலும் டீமனும் செத்தா எம்ப்டிக்கு, அது ஒரு இருட்டு, அங்க போனவங்க தூங்கிட்டே கெடப்பாங்க.

ஹன்ட்டர், அதாவது பேய் பிசாச வேட்டையாடுதவங்க, செத்தா உடம்ப எரிச்சிருவாங்க, ஆவியா திரும்பி வரக்கூடாதுன்னு. நம்ம பக்கத்து ஆளுகளுக்கு இத வெளக்கவே வேண்டாம், சுடலைமாடன கும்பிடுத ஊருல சுடுகாட்டு கதை எல்லாருக்கும் பழக்கம்தான்.

இந்த வரைபடத்த வச்சு ஒரே ஒரு ஆள பின்னாடியே போய் பாருங்க, சாமுக்கும் டீனுக்கும் அப்பா மாதிரி இருந்த ஹன்ட்டர் பாபி சிங்கர். ஏழாவது சீசன்ல சுட்டு செத்தாரு, ரீப்பர் கூப்பிட்டும் போகாம நின்னாரு, அவரோட குப்பில ஒட்டிக்கிட்டு ஆவியா இருந்தாரு, அத எரிச்சாங்க, நியாயமா சொர்க்கத்துக்கு போக வேண்டியவர நரகத்து ராஜா க்ரௌலி அங்க வச்சிருந்தான், எட்டாவது சீசன்ல சாம் போய் வெளிய கொண்டு வந்தான், கடைசி எபிசோட்ல டீன் செத்து மேல போகும்போது வாசல்ல ஒக்காந்து வரவேற்கிறதே பாபிதான். அவரு செத்ததுக்கு அழாதவங்க இல்ல, ஆனா அவரு கெதிய பத்தி இன்னைக்கு யாரும் சண்ட போடுததும் இல்ல. ஏன்னு யோசிங்க. அவருக்கு ஒரு எடம் கிடைச்சுட்டு.

நான் சொல்ல வந்ததுல முக்கியமானதே இதுதான், அதனால கொஞ்சம் நின்னு சொல்லுதேன். அம்பாசமுத்திரம் தாண்டி பாபநாசம் மலைல காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்கு போயிருப்பீங்க, அங்க பட்டவராயன் சன்னதில செருப்ப காணிக்கையா போடுவாங்க. அந்த முத்துப்பட்டன் கதை வில்லுப்பாட்டுல வரும், பிராமணனா பொறந்தவன் செருப்பு தைக்கிற சமூகத்து அக்கா தங்கச்சி பொம்மக்கா திம்மக்கா ரெண்டு பேரையும் கட்டி, பூணூல அறுத்து போட்டுட்டு, மாட்டுக்கு காவல் நின்னு, திருட வந்தவங்க கையால செத்தான், அவன் பொண்டாட்டிக ரெண்டு பேரும் தீல விழுந்தாங்க. அநியாய சாவு. வில்லு கேக்க ஒக்காந்திருக்க கூட்டத்துல ஒருத்தரும் அவன் ஏன் செத்தான், சாகாம இருந்திருக்கலாமேன்னு கேக்க மாட்டாங்க, பீடம் குடுத்தாச்சா, படையல் உண்டா, அவன் பேர சொல்லி பாடுதாங்களா, அதுதான் அங்க முக்கியம். அய்யனார் கோயிலுக்குள்ளயே அவனுக்குன்னு தனியா ஒரு சன்னதி, தனியா ஒரு கதை. சூப்பர்நேச்சுரல்ல ஒரு கேரக்டரோட கெதிய பேசும்போதும் இதே கேள்விய கேட்டு பாருங்க, செத்தானா பொழைச்சானாங்கறத ஓரமா வச்சுட்டு, அவனுக்கு எடம் குடுத்தாங்களான்னு கேளுங்க. பேச்சு எங்க போய் நிக்கும்னு உங்களுக்கே தெரியும்.

ஆடம எடுத்துக்கோங்க. சாம் டீனோட தம்பி, அப்பா ஒண்ணு அம்மா வேற. அஞ்சாவது சீசன் முடிவுல 2010ல மைக்கேலுங்கிற பெரிய ஏஞ்சல் அவன் உடம்புல இருக்கும்போதே, சாமோட சேந்து லூசிஃபர அடைச்சு வைக்கிற கூண்டுக்குள்ள விழுந்தான். சாம் வெளிய வந்துட்டான், ஆடம யாரும் தேடவே இல்ல, 2019 டிசம்பர்லதான் 15வது சீசன்ல திரும்ப காட்டுனாங்க. அதுக்கு அப்புறமும் கடவுளான சக் எல்லாரையும் இல்லாம ஆக்கும்போது அவனும் போயிட்டான்னு மைக்கேல் ஒரு வரி சொல்லுவான், அவ்வளவுதான். லூசிஃபரோட மகன் ஜாக் எல்லாரையும் திரும்ப கொண்டு வந்தப்பம் ஆடம் வந்தானா? காட்டல. அண்ணன்மாரு தேடாம விட்ட தம்பிக்கு கடைசி வரைக்கும் ஒரு எடம் குடுக்கல, இத நெனச்சா எனக்கு இப்பமும் ஆத்தாமையா இருக்கு. சாம் டீனுக்கு தங்கச்சி மாதிரி இருந்த சார்லியும் அப்படித்தான். பத்தாவது சீசன்ல ஒரு மோட்டல் பாத்ரூம்ல அவள கொன்னு போட்டாங்க, கொன்ன விதம் அவளுக்கு செஞ்ச மரியாதையே இல்ல. பின்னாடி வேற உலகத்துல இருந்து ஒரு சார்லி வந்தா, ஆனா அவ வேற ஆளு, நம்ம சார்லிக்கு இருந்த ஞாபகம் ஒண்ணும் அவளுக்கு கிடையாது, மொகம் ஒண்ணா இருக்குங்கறதுக்காக கணக்கு சரியா போச்சுன்னு ஒத்துக்கிடாதீங்க.

எத எந்த கணக்குல வைக்கது

விவாதம் கோட்டித்தனமா போறதுக்கு காரணமே மூணு வேற வேற விஷயத்த ஒண்ணா போட்டு கொழப்புததுதான். திரைல காட்டுனது ஒண்ணு, எடுத்தவங்களும் நடிச்சவங்களும் வெளிய சொன்னது ஒண்ணு, நாம ஆசப்படுதது ஒண்ணு. மூணுமே பேசலாம், ஆனா எத பேசுதோம்னு சொல்லிட்டு பேசணும். கடைசி எபிசோட்ல சாமுக்கு ஒரு மகன் இருப்பான், அம்மா யாருன்னு சொல்ல மாட்டாங்க. சாம் விரும்புன ஹன்ட்டர் பொண்ணு ஐலீன். அத வச்சு ஒரு பேச்சு எப்படி போவும்னு பாருங்க.

"அண்ணாச்சி, சாம் கட்டுனது ஐலீனத்தான்."

"மொகத்த காட்டுனாங்களால?"

"இல்லண்ணாச்சி, பின்னாடி மங்கலா ஒரு பொம்பள நிக்குதது மட்டும் தெரியும்."

"அப்பம் எத வச்சுலே சொல்லுத?"

இங்க தம்பி வாய மூடிக்கிட வேண்டியதில்ல. "திரைல இல்ல, ஒத்துக்கிடுதேன், ஆனா கடைசி சீசன் 18வது எபிசோட்ல ஐலீன் மறைஞ்சு போனா, சாம் ஒடஞ்சு போனான், அடுத்த எபிசோட்ல ஜாக் எல்லாரையும் திரும்ப கொண்டு வந்தான், அவள வேண்டாம்னு சாம் விட்டதா எங்கயும் காட்டல, அதனால அவதான்னு நான் நம்புதேன்"னு சொல்லணும். அண்ணாச்சி மறுக்கலாம், ஆனா பேச்சு வளரும், ரெண்டு பேருக்கும் சோலி இருக்கும்.

காஸ்டியலுங்கிற ஏஞ்சல் விஷயத்துல இன்னும் கவனம் வேணும். 2008ல நாலாவது சீசன் தொடக்கத்துல வந்தவன், கொஞ்ச எபிசோட்டுக்குன்னு கொண்டு வந்த கேரக்டரு, கடைசி வரைக்கும் நின்னான். ஜாக்க காப்பாத்த, எம்ப்டிய ஆளுத சக்தி கூட ஒரு ஒப்பந்தம் போட்டான், என்னைக்கு உண்மையா சந்தோஷமா இருக்கானோ அன்னைக்கு வந்து எடுத்துக்கிடலாம்னு. 2020 நவம்பர் 5ல வந்த எபிசோட்ல டீன காப்பாத்த அவன் மேல உள்ள பிரியத்த சொன்னான், சொன்ன நிமிஷமே எம்ப்டி கொண்டு போயிட்டு. கடைசி எபிசோட்ல சொர்க்கத்த மாத்தி கட்டுததுக்கு காஸ் ஜாக்குக்கு கூட நின்னான்னு பாபி சொல்லுவாரு, டீன் லேசா சிரிப்பான். ஆக வெளிய வந்துட்டான், அது திரைக்கணக்குலயே உண்டு. ஆனா ஆள காட்டல, டீன் பதில் என்னன்னும் கேக்கல. லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ் டப்பிங்ல டீன் "நானும்தான்"னு பதில் சொல்லுத மாதிரி வந்துட்டு, அத வச்சு ஒருத்தர் கண்டிப்பா வாதம் பண்ணுவாரு. டப்பிங் டப்பிங்தான், மூலத்துல அந்த வசனம் இல்லன்னு மரியாதையா சொல்லுங்க, சொல்லும்போது கேலி பண்ணாதீங்க, பன்னெண்டு வருஷம் அந்த ரெண்டு பேர கூடவே இருந்து பாத்தவங்களுக்கு அது நெசமான வருத்தம்.

கொரோனாவால 2020 மார்ச்சுல ஷூட்டிங் நின்னு போய் ஆகஸ்ட்லதான் திரும்ப ஆரம்பிச்சாங்க, கடைசி ரெண்டு எபிசோட் அப்பம் எடுத்தது, அதனால பழைய ஆளுக நிறைய பேர கூப்பிட முடியாம போச்சு. முடிவ திட்டுததுக்கு முன்னாடி இதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. டீன் ஒரு கொட்டகைல வாம்பயர் கூட சண்ட போடும்போது தூண்ல நீட்டிட்டு இருந்த கம்பி குத்தி செத்தது சரியா தப்பான்னு கேட்டா, செத்தது எனக்கு சம்மதம், அவன் வேலைய பாத்துட்டு இருக்கும்போது போனான், தம்பி கைய புடிச்சிட்டு போனான். ஆனா எரிக்கும்போது சாமும் நாயும் மட்டும் நிக்கதுதான் சம்மதம் இல்ல. ஜோடி எங்க, டோனா எங்க, கிளேர் எங்க? ஊர காப்பாத்துனவனுக்கு ஊரு வரலன்னா எப்படி.

ஸ்பின்ஆஃப் யோசனை சொல்லுததுக்கு முன்னாடி

ஸ்பின்ஆஃப்னா ஒரு சீரியல்ல இருந்து கிளைக்கிற இன்னொரு சீரியல். வந்ததும் வராம போனதுமா முக்கியமா மூணு இருக்கு, மூணையும் தெரிஞ்சுக்கிடணும். தாய் சீரியலுக்குள்ளயே ஒரு எபிசோட புது சீரியலுக்கு சோதனையா எடுத்து விடுவாங்க, அதுக்கு பேக்டோர் பைலட்டுன்னு பேரு. முத பைலட்டு பிளட்லைன்ஸ், 2014 ஏப்ரல் 29ல வந்தது, ஒம்பதாவது சீசன் 20வது எபிசோட். சிகாகோவ அஞ்சு மான்ஸ்டர் குடும்பம் பங்கு போட்டு ஆளுததுதான் கதை. அதுல ஒருத்தரையும் நமக்கு முன்னாடி தெரியாது, சாமும் டீனும் வந்துட்டு போற விருந்தாளி மாதிரி நிப்பாங்க, சேனல் எடுக்கல, எடுக்காதது சரிதான்.

ரெண்டாவதுதான் மனசுல நிக்கது, வேவர்ட் சிஸ்டர்ஸ், 2018 ஜனவரி 18, 13வது சீசன் பத்தாவது எபிசோட். ஷெரிஃப் ஜோடி மில்ஸ், ஷெரிஃப் டோனா, கிளேர், அலெக்ஸ், பேஷன்ஸ், கையா. இது சேனல்காரங்க ரூமுல ஒக்காந்து யோசிச்சது மட்டும் இல்ல, ஜோடி வீட்டுல அந்த புள்ளைக வளருதத பாத்துட்டு ரசிகருங்க பல வருஷமா கேட்டு கேட்டு வந்தது. புருஷனையும் மகனையும் பறிகொடுத்த ஒரு பொம்பள, சொந்தக்காரங்கள இந்த சண்டைலயே எழந்த புள்ளைகள எடுத்து வளக்கா, இத விட என்ன வேணும் ஒரு கதைக்கு. அந்த வருஷம் மே மாசம் சேனல் வேண்டாம்னுட்டு, அதே வருஷம் தி ஒரிஜினல்ஸ்ங்கிற வாம்பயர் சீரியல்ல இருந்து கிளைச்ச லெகஸீஸ எடுத்துக்கிட்டாங்க. வேவர்ட் எபிசோட்ல கையா செத்த மாதிரி முடிஞ்சது, சீரியல் வராததால அது அப்படியே தொங்கிட்டு இருந்தது, 15வது சீசன் 12வது எபிசோட்ல அவ உசுரோட இருக்கான்னு கண்டுபுடிச்சு மீட்டாங்க. ஆனா அந்த எபிசோட்ல கிளேர் இல்ல. கையாவும் கிளேரும் திரும்ப பாத்துக்கிடுதத நாம பாக்கவே இல்ல.

மூணாவது தி வின்செஸ்டர்ஸ், 2022 அக்டோபர் 11ல இருந்து 2023 மார்ச் 7 வரைக்கும் 13 எபிசோட் ஓடிச்சு. 1972ல சாம் டீனோட அப்பா ஜானும் அம்மா மேரியும் சின்ன வயசுல பேய் புடிக்க போறாங்க. முத எபிசோட்லயே எல்லாரும் கேட்டது, மேரி 1983ல சாகுத வரைக்கும் ஜானுக்கு இதெல்லாம் தெரியாதேன்னுதான். கடைசி எபிசோட்ல அது வேற உலகம்னு சொல்லி முடிச்சாங்க. முடிச்சு போட்டது சரியாத்தான் இருந்துச்சு, ஆனா அதுக்குள்ள பாதி பேரு எந்திரிச்சு போயிட்டாங்க.

இப்பம் உங்க யோசனைய எப்படி சொல்லணும்னா, மொதல்ல ஆள சொல்லுங்க, எடத்த சொல்லாதீங்க. அந்த ஆளுக்கு தீராத கணக்கு என்ன இருக்குன்னு சொல்லுங்க. பஃபிங்கிற சீரியல்ல இருந்து கிளைச்ச, ஏஞ்சலுங்கிற பேருள்ள வாம்பயரோட சீரியல் 1999ல இருந்து 2004 வரைக்கும் 5 சீசன் 110 எபிசோட் ஓடிச்சு, ஏன்னா அந்த வாம்பயருக்கு தீக்க வேண்டிய பாவம் மலையளவு இருந்துச்சு. வாம்பயர் டைரீஸ்ல இருந்து தி ஒரிஜினல்ஸ் அஞ்சு சீசன் ஓடுனதும் கதாநாயகன் க்ளவுஸோட குடும்பத்துக்குள்ள ஆயிரம் வருஷத்து தகராறு பாக்கி இருந்ததாலதான். கணக்க சொல்லிட்டு, வாரா வாரம் அவங்க என்ன சோலி பாப்பாங்கன்னு சொல்லணும், ஒரே ஒரு பெரிய வில்லன மட்டும் வச்சா ஆறு எபிசோட்ல தீந்து போவும். அப்புறம் தாய் கதைல சொன்னது எதையாவது இது ஒடைக்கான்னு நீங்களே சோதிச்சு பாத்துருங்க, மத்தவங்க சோதிக்கதுக்கு முன்னாடி.

பழகுததுக்கு ஒண்ணு சொல்லுதேன். மந்திரக்காரி ரொவீனா நரகத்துக்கு ராணி ஆயிட்டா, அவள வச்சு ஒரு சீரியல்னா? ஆளு இருக்கு, சோலியும் உண்டு, ஆனா அவ கணக்க அவளே தீத்துட்டா, தன் உசுர குடுத்து உலகத்த காப்பாத்துனா, எடமும் கிடைச்சுட்டு. எனக்கு அவள ரொம்ப புடிக்கும், இருந்தாலும் அந்த சீரியல் வேண்டாம்னுதான் சொல்லுவேன். சாமோட மகன், பேரு டீன், கடைசில கைல டீமன் உடம்புக்குள்ள புகாம இருக்க குத்துத பச்சையோட நிப்பான், அப்பா அவனுக்கு எவ்வளவு சொல்லி குடுத்தாருன்னு தெரியல, அது நல்ல கேள்வி, அதுல கதை இருக்கு. ஜோடி வீட்டு கணக்குத்தான் எல்லாத்தையும் விட பெருசு. இன்னைக்கு எடுத்தாலும் ஓடும்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

நம்ம ஊர வச்சு கதை சொல்லும்போது

புதுசா வார தம்பிமாரு எல்லாரும் ஒரு தடவையாவது சொல்லுத யோசனை, ரெண்டு ஹன்ட்டர் தாமிரபரணி கரைக்கு வாராங்க, சுடலையோடவோ இசக்கியோடவோ மோதுதாங்கன்னு. இத தயவுசெஞ்சு பண்ணாதீங்க. அஞ்சாவது சீசன் 19வது எபிசோட்ல உலகத்து சாமிகள எல்லாம் ஒரு ஓட்டல்ல கூட்டி வச்சு லூசிஃபர் கையால கொல்லுவாங்க, அதுல நம்ம பிள்ளையாரும் உண்டு, காளி மட்டும் தப்பிச்சு போவா. அத பாத்து கோவப்பட்ட நாமளே நம்ம குலசாமிய வாரம் ஒரு மான்ஸ்டரா ஆக்கக்கூடாது. சுடலைக்கு கொடை குடுக்க வீட்டு ஆளுக உங்க பக்கத்துலயே ஒக்காந்திருப்பாங்க. கதை வேணும்னா சாமியாடிய ஹன்ட்டரா வைங்க, வில்லுப்பாட்டு பாடுத ஒரு அக்காவுக்கு ஊர் ஊரா உள்ள பழைய சாவு கதை எல்லாம் தெரியும்னு வைங்க, அவதான் அங்க பாபி. அநியாயமா செத்த ஒரு ஆவிக்கு உப்ப போட்டு எரிக்கதா பீடம் குடுக்கதான்னு அமெரிக்காவுல இருந்து வந்தவனும் இவளும் சண்ட போடட்டும். இந்த யோசனைய எங்க படிக்கட்டுல ஒரு தங்கச்சி சொன்னப்பம் அன்னைக்கு வேற பேச்சே ஓடல.

இன்னும் ரெண்டு பழக்கம் மட்டும். நடிக்கவங்க வேற, கேரக்டர் வேற, அவங்க வீட்டு விஷயத்த இழுக்காதீங்க. யாராவது "நான் எட்டாவது சீசன்ல நிக்கேன்"னு சொன்னா அவங்க எந்திரிச்சு போற வரைக்கும் எட்டோட நிறுத்திக்கோங்க, வயசுல பெரியவங்களா இருந்தாலும் இதுல விட்டு குடுக்க வேண்டாம்.

நேரம் இல்லாதவங்க முத அஞ்சு சீசன முடிச்சுட்டு இந்த வரிசைல போங்க: பாபி சாகுத ஏழாவது சீசன், அவர மீட்டெடுக்குத எட்டாவது, பிளட்லைன்ஸ், பத்தாவதுல சார்லி சாகுத எபிசோட், 13வதுல வேவர்ட் சிஸ்டர்ஸ், அப்புறம் 15வது சீசன் முழுசா 20 எபிசோட், ஒண்ணையும் தாண்டாம. வின்செஸ்டர்ஸ் எல்லாத்துக்கும் பின்னாடி பாத்தா போதும். அதுக்குள்ள கையாவும் கிளேரும் எங்க வச்சு பாத்துக்கிட்டிருப்பாங்கன்னு உங்களுக்கும் ஒரு கதை தோணியிருக்கும், அத எடுத்துட்டு வாங்க.